ஈட்டன்ஸ்: 130 வருடக் கடை எப்படிச் சரிந்தது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஹட்சன்ஸ் பே கடைகள் 2025 ஜூன் 1-ம் தேதியோடு மூடப்பட்டதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த பலர், அதற்கு 26 ஆண்டுகள் முன்பே மறைந்த ஈட்டன்ஸ் என்ற கனடிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் (பலவகைப் பொருள்களை ஒரே கூரையின்கீழ் விற்கும் பெரிய கடை) பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

டொரன்டோ ஈட்டன் சென்டருக்கு அடிக்கடி போகிறோம். உள்ளே ஈட்டன் என்ற பெயரில் ஒரு கடைகூட இல்லை. அப்புறம் ஏன் அந்தப் பெயர்?
– ஸ்கார்பரோ வாசகி

அந்த வளாகமே ஈட்டன்ஸ் கடைக்காகத்தான் எழுந்தது. 1977-ல் முதல் பகுதி திறந்தபோது, டன்டாஸ் தெருப் பக்கம் வடக்கு முனையில் இருந்த பெரிய கட்டடம் ஈட்டன்ஸின் தலைமைக் கடை. 1999-ல் ஈட்டன்ஸ் போனது. பிறகு அதே இடத்துக்குப் போட்டி டிபார்ட்மென்ட் ஸ்டோரான சியர்ஸ் வந்து, 2014-ல் காலி செய்தது. 2016-ல் நார்ட்ஸ்ட்ராம் வந்தது, 2023-ல் அதுவும் கனடாவை விட்டே கிளம்பியது.

நிறுவனர் டிமோதி ஈட்டனின் வெண்கலச் சிலையைப் பார்க்க வேண்டுமானால் ராயல் ஒன்டாரியோ மியூசியத்துக்குப் போங்கள். கடையின் 50-வது ஆண்டான 1919-ல் ஊழியர்கள் சேர்ந்து கொடுத்தது அது. இதே போல இன்னொன்று வினிபெக்கில் இருக்கிறது. இடது காலைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று மக்கள் தடவித் தடவி, உடம்பெல்லாம் கறுத்திருக்க அந்தக் காலணி முனை மட்டும் தேய்ந்து பளபளக்கும்.

நான் மதுரையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். 'கறார் விலை' என்று போர்டு மாட்டுவது எங்கள் ஊரில் சாதாரணம். அதை வைத்தா ஒரு மனிதர் சாம்ராஜ்யம் கட்டினார்?
– மதுரை வாசகர்

ஆமாம். ஆனால் கறார் விலையோடு சேர்ந்து வந்த இன்னும் இரண்டு விஷயங்களையும் பார்க்க வேண்டும். அன்றைய வழக்கம் தெரிந்தால் அதன் பலம் புரியும்.

1834-ல் அயர்லாந்தில் பாலிமீனா அருகே பிறந்தவர் டிமோதி. சிறு வயதிலேயே ஒரு கடையில் தொழில் பழகி, 1854-ல் கனடாவுக்குக் கப்பலேறினார். ஒன்டாரியோ மாகாணத்தின் சிற்றூர்களில் கடை நடத்திவிட்டு, 1869 டிசம்பரில் டொரன்டோவின் யங் தெருவில் 6,500 டாலருக்கு ஒரு துணிக்கடையை வாங்கினார். அன்றைக்குக் கிராமத்துக் கடையில் விவசாயி கடனுக்கு வாங்குவார், அறுவடை முடிந்து அடைப்பார், சில சமயம் வெண்ணெயும் முட்டையுமாகக் கொடுப்பார். வராத கடனை ஈடுகட்டக் கடைக்காரர் எல்லோருக்கும் விலையை ஏற்றி வைப்பார். ஏற்றிய விலை என்று தெரிந்ததால் வாங்குபவர் பேரம் பேசுவார். ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர் கட்டாதவருக்கும் சேர்த்துச் சுமப்பார்.

டிமோதி மூன்று நிபந்தனைகளை வைத்தார். ரொக்கம் மட்டும். எல்லோருக்கும் ஒரே விலை. பொருள் திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ். இதைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல, நியூயார்க்கிலும் பாரிஸிலும் பெரிய கடைகள் முன்பே செய்தன. கனடாவில் இதைக் கடைசிவரை பிடிவாதமாகக் கடைப்பிடித்ததுதான் அவர் சாதனை.

கல்லாவில் தினமும் ரொக்கம் விழுந்தால் மொத்த வியாபாரியின் கடனை நம்பியிருக்க வேண்டாம். ஆலைக்காரரிடமே போய்க் கையில் காசோடு விலை பேசலாம். ஈட்டன்ஸ் அப்படித்தான் இடைத்தரகரை ஒதுக்கியது, பிறகு சொந்தமாகத் தையல் ஆலைகளும் வைத்தது. அடுத்தது சரக்குச் சுழற்சி. 100 டாலர் சரக்கில் 30 டாலர் லாபம் வைத்து வருடத்துக்கு 3 முறை விற்றுத் திருப்பினால் 90 டாலர். 20 டாலர் மட்டும் வைத்து 6 முறை திருப்பினால் 120 டாலர். விலையும் குறைவு, லாபமும் அதிகம். 'பணம் வாபஸ்' என்ற வாக்குறுதியைத் தைரியமாகக் கொடுக்க முடிந்ததும் இதனால்தான். திரும்பி வரும் சரக்கு வேகமாக மறுபடி விற்றுவிடும், மட்டமான சரக்கை அனுப்பிய ஆலையும் உடனே தெரிந்துவிடும்.

ஈட்டன்ஸ் கேட்டலாக் பற்றி என் மருமகள் சொன்னாள். தபாலில் வீடே வாங்கலாமாமே, உண்மையா?
– வின்ட்சர் வாசகி

உண்மைதான். 1910 முதல் சுமார் 20 ஆண்டுகள் மேற்குக் கனடா விவசாயிகளுக்கு வீட்டு வரைபடமும், அதற்கான மரம், கதவு, ஜன்னல் எல்லாமும் கேட்டலாக் என்ற விலைப்பட்டியல் புத்தகம் வழியே விற்றார்கள். ரயிலில் வந்து இறங்கும். வண்டி கட்டி இழுத்துப் போய், அக்கம்பக்கத்தார் சேர்ந்து எழுப்பிக்கொள்வார்கள்.

முதல் கேட்டலாக் 1884-ல் டொரன்டோ பொருட்காட்சியில் இலவசமாகக் கொடுத்த 32 பக்கச் சிறு புத்தகம். கனடாவின் புல்வெளி மாகாணங்களில் குடியேறியவர்களுக்குப் பக்கத்தில் கடையே கிடையாது. நகரத்தில் இருப்பவருக்கு என்ன விலையோ அதே விலை அச்சில் அவர்களுக்கும் கிடைத்தது பெரிய விஷயம். 1905-ல் வினிபெக்கின் போர்ட்டேஜ் அவென்யூவில் ஐந்து மாடிச் செங்கல் கட்டடம் எழுந்த பிறகு மேற்குப் பகுதி ஆர்டர்கள் அங்கிருந்தே போயின.

கேட்டலாக் தோற்றுப்போன விதத்தையும் சொல்ல வேண்டும். கேட்டலாக்கில் அச்சடித்த விலையை அந்த சீசன் முழுக்கக் காப்பாற்றியாக வேண்டும். 1970-களில் விலைவாசி ஏறிய வேகத்தில், கொள்முதல் விலை நடுவில் உயர்ந்தாலும் விற்பனை விலையை உயர்த்த வழியில்லை. காகிதம், அச்சு, தபால் செலவு தனி. கடைக்கு ஒரு கிடங்கு, கேட்டலாக்குக்கு ஒரு கிடங்கு என்றால் ஒரே பொருள் இரண்டு இடத்தில் தூங்கும். 1976 ஜனவரியில் கேட்டலாக்கை மூடுவதாக அறிவித்தார்கள். சுமார் 9,000 பேருக்கு வேலை போனது.

எங்கள் பார்வையில் ஈட்டன்ஸ் செய்த மிகப் பெரிய தவறு இதுதான். நஷ்டம் வந்த பகுதியைச் சீர்செய்யாமல் மொத்தமாக வெட்டினார்கள். சிற்றூர்களில் இருந்த ஆர்டர் ஆபீஸ்கள், லட்சக்கணக்கான குடும்பங்களின் முகவரிகள், எந்த ஊரில் எது ஓடும் என்ற அறிவு எல்லாம் கூடவே போயின. அந்த வாடிக்கையாளர்களை சியர்ஸ் வாரிக்கொண்டது. அதே சியர்ஸ்தான் 1999-ல் ஈட்டன்ஸின் மிச்சத்தையும் வாங்கியது.

1994-ல் வால்மார்ட் வந்ததால்தான் ஈட்டன்ஸ் விழுந்தது என்று எங்கள் வணிகவியல் ஆசிரியர் சொல்கிறார். சரிதானா?
– திருச்சி கல்லூரி மாணவர்

வால்மார்ட் 1994-ல் வுல்கோ என்ற மலிவு விலைக் கடைத்தொடரின் 122 கடைகளை வாங்கிக் கனடாவுக்குள் வந்தது உண்மை. ஆனால் 1930-ல் கனடாவின் டிபார்ட்மென்ட் ஸ்டோர் வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஈட்டன்ஸ் கையில் இருந்தது. 1997-ல் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மூன்றே வருடத்தில் நடக்கிற சரிவு அல்ல இது.

முதலில் இடம். மக்கள் கார் வாங்கிப் புறநகர்ப் பக்கம் போனபோது, கீழ்விலைக் கடைகள் அங்கே போய் உட்கார்ந்தன. ஈட்டன்ஸ் 1970-களில் 'ஹொரைசன்' என்ற பெயரில் மலிவுக் கடைகளைத் தொடங்கி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கைவிட்டது. 1980-களில் பிரான்ட்ஃபோர்டு, குவெல்ஃப், சார்னியா போன்ற நடுத்தர ஊர்களின் மையத்தில் எழுந்த வணிக வளாகங்களில் ஈட்டன்ஸ் முக்கியக் கடையாக இருந்தது. பிரான்ட்ஃபோர்டு வளாகக் கட்டடத்தை இன்று பல்கலைக்கழகம் பயன்படுத்துகிறது என்றால் அந்தத் திட்டம் என்ன ஆனது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது தள்ளுபடியை நிறுத்திய முடிவு. ஈட்டன்ஸின் 'டிரான்ஸ் கனடா சேல்' நாடறிந்தது, நமக்கு ஆடித் தள்ளுபடி மாதிரி. 1990-களின் தொடக்கத்தில், பொருளாதார மந்தமும் புதிய ஜிஎஸ்டி வரியும் ஒன்றாக வந்து அமர்ந்த நேரத்தில், 'இனி தள்ளுபடி இல்லை, தினமும் நியாய விலை' என்று அறிவித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்கு வேறு சொல்லும்.

ஒரு சட்டை, அடக்கம் 600 ரூபாய், லேபிள் விலை 1,000 என்று வையுங்கள். 100 சட்டையில் 40 முழு விலைக்கும், 60 சட்டை 30 சதவீதத் தள்ளுபடியில் 700-க்கும் போகிறது. மொத்த வரவு 82,000, அடக்கம் 60,000, மிச்சம் 22,000. இப்போது தள்ளுபடியை எடுத்துவிட்டு எல்லா நாளும் 820 என்கிறீர்கள். 100 சட்டையும் விற்றால் மிச்சம் அதே 22,000. ஆனால் 700-க்குக் காத்திருந்தவர்களில் ஒரு பகுதி வரமாட்டார்கள். விற்பனை 75 ஆனால் மிச்சம் 16,500. கடை வாடகையும் சம்பளமும் மின்கட்டணமும் ஒரு பைசா குறையாது. 22,000-ஐ எட்ட வேண்டுமென்றால் 820-க்கே 100 சட்டை விற்க வேண்டும். அதற்கு உங்கள் விலை பக்கத்துக் கடையைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவாக இருக்க வேண்டும். வால்மார்ட்டால் அது முடிந்தது, ஏனென்றால் அதன் செலவு அமைப்பே மலிவு. நகர மையத்தில் பல மாடிக் கட்டடத்தை வைத்துக்கொண்டு ஈட்டன்ஸால் முடியவில்லை. சில ஆண்டுகளில் தள்ளுபடியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் பழகிவிட்டார்.

உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்: வால்மார்ட் வரும்போது ஈட்டன்ஸ் ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

குடும்பத்தார் கையில் இருந்ததுதான் குற்றமா? நான்காம் தலைமுறை கெடுக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.
– காரைக்குடி வாசகர்

அப்படிப் பொதுவாகச் சொல்ல ஈட்டன்ஸ் வரலாறு இடம் தரவில்லை. 1907-ல் டிமோதி இறந்தபின் மகன் ஜான் கிரெய்க் ஈட்டன் கடையைப் பெரிதாக்கினார். 1922-ல் அவர் இறந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள், உறவினர் ராபர்ட் யங் ஈட்டன் பொறுப்பேற்று 1942 வரை நடத்தினார். மாண்ட்ரியலில் குட்வின்ஸ் கடையை வாங்கியதும், பொருளாதாரப் பெருமந்தத்தைக் கடந்து வந்ததும் அவர் காலத்தில்தான். நேரடி வாரிசு அல்லாத இவர், தன்னை நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலையில் இருந்தார். அது கடைக்கு நல்லதாகவே முடிந்தது.

நான்காம் தலைமுறையில் சகோதரர்கள் நால்வர். 1969 முதல் 1977 வரை வெளியாட்கள் தலைமை வகித்தார்கள். பிறகு ஃப்ரெட்ரிக் ஈட்டன், 1988-ல் அவர் தம்பி ஜார்ஜ் ஈட்டன். ஜார்ஜ் ஒருகாலத்தில் ஃபார்முலா 1 கார்ப் பந்தய வீரர். திறமை இல்லாதவர் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் குடும்பத்தின் தனிச் சொத்தாக இருந்ததால் கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் கடைக்கு இல்லை. பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று 'மூன்றாவது மாடியில் சரக்கு ஏன் நகரவில்லை?' என்று கேட்க ஒருவரும் இல்லை. 1997-ல் நீதிமன்றத்துக்குப் போனபோதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று வெளியே தெரிந்தது. குடும்பம் இருந்ததைவிட, மறுத்துப் பேசும் அதிகாரமுள்ள ஆள் ஒருவர் இல்லாமல் போனதுதான் குறை.

ஊழியர்களை நன்றாக நடத்திய கடை என்று ஒரு பேர் இருக்கிறதே?
– பிராம்ப்டன் வாசகர்

இரண்டு பக்கமும் உண்டு. கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருந்த காலத்தில் டிமோதி மாலையே கதவடைத்தார், கோடையில் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கொடுத்தார். முதல் உலகப் போருக்குப் போன ஊழியர்களில் மணமானவருக்கு முழுச் சம்பளம், ஆகாதவருக்குப் பாதிச் சம்பளம் தொடர்ந்து கிடைத்தது.

ஆனால் சங்கம் என்றால் ஆகாது. 1912-ல் டொரன்டோ தையல் ஆலையில், பெண்கள் செய்துவந்த, உடையின் உள்பக்கத் துணியை (லைனிங்) தைக்கும் வேலையையும் கூலி உயர்வின்றிச் சேர்த்துச் செய்யும்படி ஆண் தொழிலாளர்களிடம் சொன்னார்கள். அந்தப் பெண்களின் வேலை போகும் என்பதால் ஆண்கள் மறுத்தார்கள், வேலைநிறுத்தம் வெடித்தது, தோற்றது. டொரன்டோ கடையில் சில ஆண்டுகள் உழைத்து நடத்திய சங்க முயற்சி 1951 டிசம்பர் வாக்கெடுப்பில் தோற்றது. 1984 நவம்பரில் ஒன்டாரியோவின் ஆறு கடைகளில் தொடங்கிய வேலைநிறுத்தம் பனிக்காலம் முழுக்க நீண்டு 1985 மே மாதம்தான் முடிந்தது.

'திவால் பாதுகாப்பு' என்றால் என்ன? பாதுகாப்பு வாங்கிய பிறகும் ஏன் மூடினார்கள்? கையில் கிஃப்ட் கார்டு இருந்தால் என்ன செய்வது?
– மிசிசாகா வாசகி

கனடாவில் 50 லட்சம் டாலருக்கு மேல் கடன் உள்ள நிறுவனம், 1933-ல் வந்த ஒரு சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். நீதிபதி முதல் உத்தரவு போட்டதும் கடன் கொடுத்தவர் யாரும் சரக்கைத் தூக்கவோ வழக்குப் போடவோ முடியாது. இன்றைய விதிப்படி முதல் தடை 10 நாள், பிறகு நீட்டிக்கலாம். கண்காணிப்பாளர் ஒருவர் நியமிக்கப்படுவார். நிறுவனம் ஒரு திட்டம் கொடுக்கும். கடன் கொடுத்தவர்களை வகை பிரித்து வாக்கெடுப்பு நடக்கும். ஒவ்வொரு வகையிலும் தலைக்கணக்கில் பாதிக்கு மேலும், தொகைக்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கும் ஒப்ப வேண்டும். அப்புறம் நீதிபதி கையெழுத்து.

ஈட்டன்ஸ் 1997 பிப்ரவரியில் இதைச் செய்து தப்பித்தது. குடும்பத்துக்கு வெளியே இருந்து தலைவர் வந்தார். 1998 ஜூனில் பங்கு ஒன்று 15 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. வீட்டு உபயோக மின்சாதனங்களைக் கைவிட்டு இளைஞர் ஃபேஷனுக்குத் தாவினார்கள். இருந்த நடுத்தர வயது வாடிக்கையாளர் விலகினார், இளைஞர் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 1999 ஆகஸ்டில் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போனது. சப்ளையர்கள் கடனுக்குச் சரக்கு அனுப்பத் தயங்கினால் பண்டிகைக்கால இருப்பு கிடையாது. பண்டிகைக்கால இருப்பு இல்லாத டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு அந்த வருடமே கிடையாது. அந்த மாதமே திவால் அறிவிப்பு வந்தது. அப்போது 64 கடைகள், சுமார் 13,000 ஊழியர்கள். சியர்ஸ் சில கடைகளையும் பெயரையும் வாங்கி 2000-ல் 7 கடைகளை அதே பெயரில் நடத்திப் பார்த்து, 2002-ல் பெயரையும் எடுத்துவிட்டது.

கிஃப்ட் கார்டு வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர், வரிசையில் கடைசி. செய்தி வந்த அன்றே போய்ச் செலவழியுங்கள். ஹட்சன்ஸ் பே 2025 மார்ச்சில் நீதிமன்றம் போனது, ஏப்ரல் 6-க்குப் பிறகு கார்டு செல்லவில்லை. கார்டு இல்லாமல் காசு கொடுத்து வாங்குபவர் என்றால், கடை மூடும்போது நடக்கும் கழிப்பு விற்பனையில் முதல் வாரம் தள்ளுபடி சிறிதாகவே இருக்கும், அவசரப்படாதீர்கள். ஆனால் வாங்கியதைத் திருப்பித் தர முடியாது, அளவும் தையலும் அங்கேயே பாருங்கள். மின்சாதனம் என்றால் உத்தரவாதம் கடையுடையதா, தயாரிப்பாளருடையதா என்று கேளுங்கள். கடையுடையதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து ஜவுளிக்கடை நடத்துகிறோம். ஈட்டன்ஸ் மாதிரி ஆகாமலிருக்க எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்?
– ஈரோடு வாசகர்

மாத விற்பனையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். இருப்பைப் பாருங்கள். வருட விற்பனை 1 கோடியே 20 லட்சம், மொத்த லாபம் 30 சதவீதம் என்றால், விற்ற சரக்கின் அடக்கம் 84 லட்சம். சராசரி இருப்பு அடக்கவிலையில் 28 லட்சம் என்றால் சரக்கு வருடத்துக்கு 3 முறை சுழல்கிறது, ஒரு புடவை சராசரியாக 4 மாதம் அலமாரியில் இருக்கிறது. இருப்பு 42 லட்சம் ஆனால் 2 சுழற்சி, 6 மாதம். விற்பனை குறையவே இல்லை, ஆனால் 14 லட்சம் முடங்கியது. 12 சதவீத வட்டியில் வருடத்துக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் சும்மா போகிறது. விற்பனைக் கணக்கில் இது தெரியாது.

ஆறு மாதம் தாண்டிய சரக்கைத் தனியாகப் பட்டியல் எடுங்கள். அது மொத்த இருப்பில் கால்பங்கைத் தொட்டால் அந்த வகைக்குக் கொள்முதலை நிறுத்துங்கள், பழையதை அடக்கத்துக்கே விற்றாலும் பரவாயில்லை. ஒவ்வொரு மாடிக்கும் சதுர அடிக்கு எவ்வளவு லாபம் என்று தனித்தனியே போடுங்கள். சப்ளையருக்குக் கொடுக்கும் தவணை 45 நாளிலிருந்து 60, 75 என்று நீள்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிகிற அறிகுறி அது.

மூவருக்கும் உறவல்லாத ஒரு தணிக்கையாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தாள்களை மூவர் முன்னிலையிலும் படிக்கட்டும். யார் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு, யார் சொல்வது முடிவு என்பதை இப்போதே எழுத்தில் வையுங்கள்.

பழைய பொருள் விற்பனையில் 1901-ம் ஆண்டு ஈட்டன்ஸ் கேட்டலாக் கிடைத்தது. அசல்தானா?
– லண்டன், ஒன்டாரியோ வாசகர்

அந்த ஆண்டுக் கேட்டலாக்குகளை 1970-ல் மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறார்கள். முதல் சில பக்கங்களில் பதிப்பக விவரமோ முன்னுரையோ இருந்தால் அது மறுபதிப்பு. அசலின் காகிதம் மட்டமானது. ஓரம் பழுப்பேறி, மடித்தால் நொறுங்கும். அசல் என்று தோன்றினால் ஒட்டுநாடா போடாதீர்கள், நிமிர்த்தி நிறுத்தாமல் அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். ஈட்டன்ஸ் நிறுவனத்தின் ஆவணங்கள் ஒன்டாரியோ அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க அங்கே விசாரியுங்கள்.